நாலாவது கேள்வி

நகராட்சி நூலகத்தின் மாடியில் பழைய செய்தித்தாள்களைக் கட்டி அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த அறையில் செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மாலை ஆறு மணிக்கு ஆங்கில வாசிப்பு வகுப்பு நடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். யூனிஃபார்ம் மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்து உட்காருவார்கள். அங்கே ஒருவரை ஒருவர் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வது. செக்யூரிட்டி, கேஷியரம்மா, பிரஸ்காரர், மெக்கானிக்.

வகுப்பு எடுப்பவருக்கு ‘ஏன் டீச்சர்’ என்று பட்டப்பெயர். யார் என்ன பதில் சொன்னாலும், அது சரியான பதிலாகவே இருந்தாலும், “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பயந்து முதல் வாரத்திலேயே காணாமல் போனவர்கள் உண்டு. தாக்குப்பிடித்தவர்கள் வீட்டுக்குப் போயும் ‘ஏன்’ கேட்டு மனைவியிடமோ புருஷனிடமோ வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை அடுத்த வகுப்பில் வந்து சொல்வார்கள். டீச்சர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆசிரியப் பயிற்சி எதுவும் படித்தவர் இல்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினொரு வருஷம் இருந்தார். வருகிற புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதுதான் வேலை. ‘முடியாது’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். தங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தங்கள் கோரிக்கை உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது, தற்போதைய விதிமுறைகளின்படி மேல் நடவடிக்கைக்கு வாய்ப்பு குறைவு. இப்படி வெண்ணெய் தடவி மூன்று பத்தி எழுதினால், அதற்குள் எங்கேயோ ‘முடியாது’ ஒளிந்திருக்கும்.

ஒருநாள் தளர்ந்த பெரியவர் ஒருவர், டீச்சர் எழுதிய கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். “புது மெஷின் என்னிக்கும்மா வரும்?” என்று கேட்டார். அவர் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் படித்திருந்தார். ‘முக்கியமானது’, ‘பரிசீலிக்கப்பட்டது’ இரண்டின் கீழும் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒரு வார்த்தைக்கும் அவர் அர்த்தம் தப்பாகப் பார்க்கவில்லை. கடிதத்தின் அர்த்தம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த மாதமே டீச்சர் வேலையை விட்டார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் மூன்று வருஷம் கழித்துத்தான் விட்டார். விட்டதும் நேரே நூலகத்துக்குப் போய், மாடி அறையைக் கேட்டார். பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், நான் படிக்கச் சொல்லித் தருகிறேன் என்றார். நூலகருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. அறை சும்மாதானே கிடக்கிறது என்று சாவியைக் கொடுத்தார்.

முதல் வகுப்பில் எப்போதும் பலகையில் நாலு கேள்வி எழுதுவார். இதை யார் எழுதியது? யாருக்கு எழுதியது? எதற்கு எழுதியது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? அப்புறம் வகுப்பு நடக்கும் நாலு மாதமும் அந்தக் கேள்விகளை வைத்து விளம்பரம், சுற்றறிக்கை, மருந்து அட்டை, வாடகை ஒப்பந்தம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்து மேய்வார்கள்.

அந்த நாலாவது கேள்வி மெக்கானிக்கை அப்படியே பிடித்துக்கொண்டது.

மெக்கானிக் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாற்பதை நெருங்குகிற வயது. அதிகம் பேச மாட்டார். விரல் நகங்களின் ஓரத்தில் கிரீஸ் கறுப்பு எப்போதும் இருக்கும். அதனால் தாளைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். பத்தாவது வரை படித்தவர். ஆங்கிலத்தில் வரும் சர்வீஸ் புத்தகங்களைப் படம் பார்த்தே இத்தனை வருஷம் ஓட்டியிருந்தார். இனிமேல் எழுத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ‘மே’ (may) என்ற ஆங்கிலச் சொல் நாலு இடத்தில் இருந்தது. வயிற்றுக் கோளாறு குறைய‘லாம்’, முடி கொட்டுவது நிற்க‘லாம்’. டீச்சர் பலகையில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டார்.

“இது எங்க வந்தாலும் வண்டிய நிறுத்திட்டு இறங்கிப் பாருங்க. இது சொல்றவங்க தப்பிச்சு ஓட வெச்சுக்கிட்ட பின்வாசல். நாளைக்குப் போய்க் கேட்டா, ‘லாம்’னுதானே சொன்னோம், ‘கும்’னா சொன்னோம்னு கேப்பாங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரஸ்காரர் அன்று முழுக்க, “டீ குடிக்க‘லாம்’” என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். மெக்கானிக் மட்டும் சிரிக்காமல் நோட்டில் அந்தச் சொல்லை எழுதி, தானும் வட்டம் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் ஒரு தாளோடு வந்தார். லிஃப்ட் பிரேக்குக்கான பட்டைகளை விற்கிற கம்பெனி அனுப்பியது. ‘சாதாரணச் சூழலில் ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும்’ என்று இருந்தது.

“அஞ்சு வருஷம் உழைக்கும்னுதான் டீச்சர் எங்க சூப்பர்வைசர் சொல்வார். நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். நேத்து உக்காந்து படிச்சேன். ‘வரை’ன்னு இருக்கு. ‘சாதாரணச் சூழல்’னு இருக்கு. சாதாரணம்னா என்னன்னு எங்கயும் சொல்லல. நாலாவது கேள்வி! நான் பாக்குற பில்டிங்ல ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ லிஃப்ட் ஓடுது. கழட்டிப் பாத்தேன். ரெண்டே வருஷம், தேஞ்சு காகிதம் மாதிரி இருக்கு.”

வகுப்பே கைதட்டியது. அன்று வீட்டுக்குப் போனதும் டீச்சர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தன் கணவரிடம் இதைச் சொன்னார். கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். “பரவாயில்லயே, இனிமே நானும் தைரியமா லிஃப்ட்ல போவேன்” என்றார். டீச்சரின் வாழ்க்கையில் அது ரொம்பச் சந்தோஷமான மாலை. ஒரு மனுஷர் ஒரு தாளை உண்மையாகவே படித்துவிட்டார். அதனால் எத்தனை பேர் உயிர் தப்பியதோ.

பாடத்திட்டம் என்று ஒன்று அவராகவே வகுத்து வைத்திருந்தார். முதல் பாதியில் சந்தேகப்படுவது. இரண்டாம் பாதியில் எடைபோடுவது: எதை எவ்வளவு நம்பலாம், இரண்டு ஆபத்து எதிரெதிரே நிற்கும்போது எது பெரியது, எப்படி விசாரிப்பது. சந்தேகப்படுவது எல்லாருக்கும் பிடித்திருந்ததால் ஒவ்வொரு தடவையும் முதல் பாதி நீண்டுகொண்டே போகும். இந்தத் தடவை அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று இரண்டு வாரம் வேறு போய்விட்டது. எடைபோடும் பாடத்தை ஆரம்பிக்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை மெக்கானிக் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி இடது கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பார். கண்ணுக்குள் மின்னல் மின்னுகிற மாதிரி இருக்கிறது, கறுப்பு நூல் நூலாக மிதக்கிறது என்றார். மறுநாள் காலையில் இருவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் விழித்திரை கிழிந்து ஓரத்திலிருந்து உரிய ஆரம்பித்திருக்கிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். நர்ஸ் இரண்டு பக்க ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டி, கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். மெக்கானிக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, படிக்க உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை வகுப்புக்கு முதல் ஆளாக வந்தார். டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லி, தாளை மேஜையில் வைத்தார். பதினேழு இடத்தில் வட்டம் போட்டிருந்தார்.

“படிச்சுப் பாருங்க டீச்சர். பார்வை குறையலாம். பார்வை முழுசாப் போகலாம். கண்ணுல அழுத்தம் ஏறலாம். மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். மயக்க மருந்தால உயிருக்கே ஆபத்து வரலாம். இத்தனை ‘லாம்’ போட்டுக் கீழ எங்கிட்ட கையெழுத்துக் கேக்குறாங்க.”

டீச்சருக்கு முதலில் விஷயமே பிடிபடவில்லை. “வீட்ல எப்படி இருக்காங்க? ஆபரேஷன் எப்போ?”

“கூட்டிட்டு வந்துட்டேன்.”

“எங்க?”

“வீட்டுக்கு. யோசிச்சு சொல்றோம்னு சொல்லிட்டேன்.”

டீச்சர் எழுந்துவிட்டார். “என்ன மெக்கானிக் இது? டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோ செய்யணும்னு சொல்லியிருக்காரே!”

“சொன்னார். ஆனா இத எழுதினது யாரு? ஆஸ்பத்திரி. எதுக்கு? அவங்க மேல கேஸ் வராம இருக்க. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பாத்தேன். அவ இப்போ நல்லாப் பாக்குறா டீச்சர். ஓரத்துல லேசா நிழல் மாதிரி இருக்கு, அவ்வளவுதான். நல்லாப் பாக்குற கண்ண அவங்க கையில கொடுத்து, போனாலும் கேக்க மாட்டேன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா?”

“பண்ணலைன்னா என்ன ஆகும்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். பார்வை போயிடும்னு சொன்னாங்க. பண்ணாலும் போகலாம்னு எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?”

“ரெண்டும் ஒண்ணு இல்ல.” டீச்சரின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “இந்த மாதிரித் தாள்ல ரொம்ப அபூர்வமா நடக்குறதையும் எழுதித்தான் வெப்பாங்க. எழுதணும்னு கட்டாயம். விளம்பரத்துல வர்ற ‘மே’ வேற, இதுல வர்ற ‘மே’ வேற.”

“எப்படி வேற?”

“அங்க ஆசை காட்டுறாங்க. இங்க எச்சரிக்கிறாங்க.”

“எத்தன பேருக்கு அப்படி ஆகும்? நூத்துல ஒருத்தருக்கா, பத்துல ஒருத்தருக்கா? தாள்ல இல்லையே டீச்சர்.”

டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பாடமே அதுதான். “எனக்குத் தெரியாது. ஆனா டாக்டருக்குத் தெரியும். நீங்க அவர நம்பிக் கையெழுத்துப் போடுங்க.”

மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. நிஜமான ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது.

“நம்புங்கன்னு நீங்களா டீச்சர் சொல்றீங்க?”

அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். மெக்கானிக் தாளை மடித்துப் பையில் வைத்தார். இன்னொரு பெரிய டாக்டர் இருக்கிறார், அவரிடமும் கேட்டுவிட்டுச் செய்துகொள்ளலாம் என்று இருப்பதாகச் சொன்னார். அவர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் பார்க்க நேரம் வாங்கியாகிவிட்டது. இன்னொருவரையும் கேட்டுப் பார் என்பதும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். அதைத் தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை காலையில் டீச்சர் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். டீச்சர் என்றார். நோயாளியின் டீச்சரா? இல்லை, அவர் வீட்டுக்காரருடைய டீச்சர். நோயாளி விஷயத்தை வெளியாரிடம் பேச முடியாது, மன்னிக்கவும் என்றார்கள். பொதுவாகவாவது சொல்லுங்கள், இந்த மாதிரி ஆபரேஷனில் எத்தனை பேருக்குக் கண் கெட்டுப்போகும் என்று கெஞ்சினார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்று போனை வைத்துவிட்டார்கள்.

மதியம் மெக்கானிக் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் பக்கத்தில் நீல நிறத்தில் வெட்டிப் போட்ட துணி அடுக்கு. மெக்கானிக் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அவசர அழைப்பு வந்து போயிருந்தார். மனைவி மட்டும் இருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து டீச்சரைப் பார்த்தார்.

“உக்காருங்க டீச்சர். உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல இவரு.”

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“ஜன்னல்ல திரைச்சீலைய ஓரமா இழுத்து விட்ட மாதிரி. நேத்து இவ்வளவு.” விரலால் காட்டினார். “இன்னிக்கு இவ்வளவு. நேராப் பாத்தா நல்லாத் தெரியுது. உங்க முகம் தெரியுது.”

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் சொல்றதக் கேளுங்க. இது உங்க கண்ணு. கையெழுத்தும் நீங்களே போடலாம். அவர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கிளம்புங்க, நான் கூட வர்றேன். இப்பவே போயிடலாம்.”

தையல்காரர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். மரியாதையாகத்தான்.

“அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது டீச்சர். அவருக்குத் தெரியும். ரெண்டு நாளா அவரு சரியாச் சாப்பிடல, அதையே வெச்சுப் படிச்சுக்கிட்டு இருக்கார். எனக்காகத்தான். அவர விட்டுட்டு நான் போய்ப் போட்டா எப்படி இருக்கும்? அவரு படிச்சவரு. உங்ககிட்டதானே படிச்சாரு.”

டீச்சர் ஒரு மணி நேரம் இருந்தார். சொன்னதையே மாற்றி மாற்றிச் சொன்னார். மெக்கானிக்கின் போன் எடுக்கப்படவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சிக்னல் இருக்காது. நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார். “திங்கக்கிழமதான் டீச்சர், இன்னும் ஒரு நாள்தானே” என்றார். ஒரு நாள் போதும் கெட்டுப்போக என்று டீச்சர் கத்தினார். “எங்க எழுதியிருக்கு?” என்று மெக்கானிக் கேட்டார். அது எதிர்த்துப் பேசிய பேச்சு இல்லை. எழுதியிருந்தால் சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்கிற பேச்சு.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. அந்த இரண்டு பக்கத்திலும் ஆபரேஷன் செய்தால் வரக்கூடிய ஆபத்து எல்லாம் இருக்கிறது. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வாயால் விளக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். தாள் சொல்லாமல் விட்டது அதைத்தான். மெக்கானிக்குக்கு அது கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமை மாலை தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த தனக்கும் படவில்லை. படபடவென்று மறுபடி போன் போட்டுச் சொன்னார். மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். “சரியாச் சொன்னீங்க டீச்சர். இதையும் திங்கக்கிழம அந்த டாக்டர்கிட்ட கேட்டுடறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தையல்காரர் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் கணவரைப் பார்த்தார். தோள் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது.

மெக்கானிக் மனைவியை அழைத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினார். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ் அதே தாளை நீட்டினார். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டார். மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. நன்றாகவே முடிந்தது. அந்தப் பதினேழு வட்டத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. விழித்திரை திரும்ப ஒட்டிக்கொண்டது. ஆனால் நடுப்பகுதி உரிந்த பிறகு ஒட்டியதால், போன பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வெளிச்சம் தெரியும். கதவு தெரியும். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

“வெள்ளிக்கிழமையே பண்ணியிருந்தா” என்று ஆரம்பித்த டாக்டர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் இரண்டு வாரம் வகுப்பு எடுக்கவில்லை. காய்ச்சல் என்று நூலகத்தில் சொன்னார். பாதி உண்மை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னிடம் கற்றுக்கொண்டு லைசன்ஸ் வாங்கியவர்களில் எத்தனை பேர் எங்கெங்கே இடித்திருக்கிறார்கள் என்று சொன்னார். ஒருத்தன் போலீஸ் ஜீப்பிலேயே இடித்தானாம். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். “நீ கெட்டதா ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலியே.”

“கெட்டதச் சொல்லிக்கொடுத்திருந்தா மன்னிப்புக் கேக்கலாங்க. நான் சொன்னது எல்லாம் சரி. அதுக்கு என்ன பண்ணுறது?”

கணவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். டீ போட்டுக்கொண்டுவந்து வைத்தார்.

மறுபடி வகுப்பு ஆரம்பித்தபோது டீச்சர் முதல் வேலையாக எடைபோடும் பாடத்தை எடுத்தார். எடுக்க வரவில்லை. ஒரு மருந்து அட்டையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்க விளைவு லட்சத்தில் ஒருவருக்கு, நோயை அப்படியே விட்டால் பத்தில் மூன்று பேருக்கு ஆபத்து, எது பெரியது என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேஷியரம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். மெக்கானிக்கின் நாற்காலி காலியாக இருந்தது.

அவர் டீச்சரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தபோது, “நான்தான் சரியாப் படிக்கல டீச்சர்” என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று டீச்சருக்கு இருந்தது. இரண்டு மாதம் கழித்து தையல்காரரின் வலது கண்ணிலும் ஒரு இடம் மெலிந்திருக்கிறது, லேசர் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். டீச்சரும் கூடப் போனார். மறுபடி ஒரு தாள். டீச்சர், “வாங்க, உக்காந்து படிப்போம், ஒவ்வொண்ணாக் கேப்போம், அவசரம் இல்லைன்னு டாக்டரே சொல்றார்” என்றார். மெக்கானிக் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு நர்ஸிடம் கொடுத்தார். லேசர் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு மெக்கானிக் எதையுமே படிப்பதில்லை. டீச்சருக்கு இது தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தையல்காரர் கூப்பிட்டு அனுப்பியபோது. போய்ப் பார்த்தால், மெஷின் மேல் ஒரு ஆங்கிலக் கடிதம் கிடந்தது.

“இது என்னன்னு பாருங்க டீச்சர். ரெண்டு மாசம் முன்னால கம்பெனில கொடுத்தாங்களாம். படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டார். இப்ப வாரத்துல நாலு நாள் வெளியூர்ல வேலைன்னு அனுப்பிட்டாங்க. இனிமே அப்படித்தானாம்.”

டீச்சர் படித்தார். வெளியூர்ப் பணிக்குச் சம்மதம் கேட்கிற தாள். மனைவிக்கு உடல்நலக் குறைவோ இயலாமையோ இருந்தால் அதைக் குறிப்பிட்டு விலக்குக் கேட்கலாம் என்று மூன்றாவது பத்தியில் தெளிவாகவே இருந்தது. முப்பது நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் டீச்சர் பார்த்த தாள்களில் இவ்வளவு நேர்மையாக எழுதிய தாள் குறைவு.

“ஒண்ணும் பண்ண முடியாதா?”

“கேட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு விண்ணப்பம் நான் எழுதித் தர்றேன்.”

“கேக்க மாட்டார் டீச்சர். எதாவது சொன்னா, எனக்கு எதுக்கு அதெல்லாம்னு சொல்றார். நீங்க சொல்லுங்களேன். நீங்க சொன்னாக் கேப்பார்.”

தான் சொன்னால் மெக்கானிக் கேட்பார். எதையும் யோசிக்காமல் கேட்பார், அப்படியே செய்வார். டீச்சர் கடிதத்தை மடித்துத் திரும்ப வைத்தார். சொல்கிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை.

தையல்காரர் வேலையை விடவில்லை. மெஷின் தையல் ஒற்றைக் கண்ணில் பழகிவிட்டது. பட்டன் வைக்க, ஓரம் மடித்துத் தைக்கக் கை ஊசி வேண்டும். அதில் நூல் கோப்பதுதான் முடியவில்லை. நூல் ஊசிக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் காற்றில் குத்துகிறார். ஒரு துண்டு ஸ்பாஞ்சில் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. திங்கட்கிழமை காலையில் வெளியூர் கிளம்புவதற்கு முன் மெக்கானிக் முப்பது ஊசி கோத்து வைத்துவிட்டுப் போகிறார். “வியாழக்கிழமைக்குள்ள தீந்துடும்” என்றார் தையல்காரர். “இன்னிக்கு இனிமே அவ்வளவுதான். அவரு ராத்திரி வந்துதான்.”

டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீல நூலை நுனியில் எச்சில் தொட்டுத் திரித்தார். முதல் ஊசிக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பன்னிரண்டு ஊசி கோத்து முடித்தபோது மணி ஐந்தரை ஆகிவிட்டது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.